நன்னாவின் துணியில் ஒரு முழம்

வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் நான் கோப்பை வாங்கியிருக்கிறேன். அதுவும் பயத்தில் வாங்கியது. என் பிள்ளைகளிடம் அந்தக் கோப்பையைக் காட்டும்போது இந்த இரண்டாவது விஷயத்தை மட்டும் விட்டுவிடுவேன். உங்கம்மா சின்ன வயதில் காற்றாய்ப் பறப்பாள் என்பதோடு கதை முடிந்துவிடும். எதைக் கண்டு பறந்தாள் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

அப்போது எனக்குப் பதினோரு வயது. கூத்தாநல்லூரில் ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஓர் ஆள் வெளிநாட்டில் இருந்த காலம் அது. என் அத்தா, அதாவது அப்பா, சவூதியில். மற்றவர்கள் துபாய், சிங்கப்பூர், மலேசியா. ஆம்பிளைகள் எல்லாம் போய்விட, அவர்கள் அனுப்பிய சாமான்கள் மட்டும் ஊரை நிறைத்திருந்தன. அப்படிச் சிங்கப்பூரிலிருந்து எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து இறங்கியவைதான் அந்த ஆறு பந்துகள். பழைய மாணவர் ஒருவர் அனுப்பியிருந்தார். உருண்டையாக இல்லாமல் பெரிய பலாக்கொட்டை மாதிரி இருந்தன. பி.டி. சார் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "காத்து சரியா அடிக்கல போலருக்கு" என்றார்.

பந்தோடு டைப் அடித்த இரண்டு தாள்களும் வந்திருந்தன. ஆட்டத்தின் பெயர் டேக் ரக்பி. பெரியவர்கள் ஆடும் ரக்பியில் ஆளைப் பிடித்துக் கீழே தள்ளுவார்களாம். இது பிள்ளைகளுக்கானது என்பதால் ஆளைத் தொடவே கூடாது. அதற்குப் பதிலாக ஒவ்வொருவரும் இடுப்பின் இரண்டு பக்கமும் ஒரு துணிப்பட்டையைச் செருகித் தொங்கவிட்டுக்கொள்ள வேண்டும். பந்தோடு ஓடுகிறவளின் பட்டையை எதிராளி உருவிவிட்டால் அவள் நின்று, பந்தைத் தன் ஆளிடம் போட்டுவிட வேண்டும். உருவியவள் அந்தப் பட்டையை உயரத் தூக்கிப் பிடித்து 'டேக்' என்று கத்துவாள். பிறகு திருப்பிக் கொடுத்துவிடுவாள். பந்தோடு எதிர்க்கோட்டைத் தாண்டித் தரையில் வைத்துவிட்டால் ஒரு 'ட்ரை'. இவ்வளவுதான் ஆட்டம். ஆனால் பந்தை முன்னால் எறியவே கூடாது, பின்னால்தான் போட வேண்டும் என்று ஒரு விதி இருந்தது.

"முன்னாடி போறதுக்கு எதுக்கு சார் பின்னாடி போடணும்?" என்று செல்வி கேட்டாள்.

சார் தாளின் இரண்டு பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார். "எழுதியிருக்குல்ல, போடு" என்றார்.

செல்விதான் எங்கள் கேப்டன். பக்கத்துக் கிராமத்திலிருந்து நடந்து வருகிறவள். அப்பா, அம்மா இருவருக்கும் வயல் வேலை. நாற்றுக்கட்டைச் சுமந்துகொண்டு வரப்பில் ஓடிய கால்களுக்குப் பள்ளிக்கூட மைதானம் ஒரு பொருட்டே இல்லை. இன்னொருத்தி ஜமீலா, என் பக்கத்து பெஞ்சுக்காரி. ஊரில் பெண்கள் யாராவது மௌத்தானால், அதாவது இறந்தால், அந்த மய்யித்தைக் குளிப்பாட்டிக் கபன் உடுத்துகிறவர் அவளுடைய அம்மா. கபன் என்றால் அடக்கம் செய்யுமுன் போர்த்திக் கட்டுகிற வெள்ளைத் துணி. அந்த வீட்டில் வளர்ந்ததால் ஜமீலாவுக்குச் சாவு பற்றி எங்கள் எல்லோரையும் விடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். அதில் அவளுக்குப் பெருமையும் உண்டு.

நாங்கள் பழகியதெல்லாம் தலைக்கு வைக்கிற ரிப்பனை இடுப்பில் செருகிக்கொண்டுதான். மன்னார்குடியில் ஒரு சங்கம் நான்கு பள்ளிக்கூடங்களை அழைத்துப் போட்டி நடத்துவதாகச் சொன்னபோதுதான் சிக்கல் வந்தது. ஓர் அணிக்கு ஒரே நிறத்தில் பட்டை வேண்டுமாம். எங்களுக்கு வெள்ளை என்று ஒதுக்கியிருந்தார்கள். ஆடுவதற்கு ஏழு பேர், மாற்றுக்கு இரண்டு பேர், ஆளுக்கு இரண்டு பட்டை. "பதினெட்டு பட்டைக்குத் துணி யார் வீட்டுல இருக்கு?" என்று சார் கேட்டார்.

சவூதிக்காரர் மகள் என்கிற மிதப்பு எனக்கு எப்போதும் கொஞ்சம் உண்டு. "பதினெட்டையும் நானே கொண்டாறேன் சார். எங்க வீட்டுல துணி சும்மா கெடக்கு" என்றேன்.

வீட்டுக்கு வந்து தேடினால் துணி சும்மா கிடக்கவில்லை. பூப்போட்டது, கட்டம் போட்டது, ஜரிகை போட்டது எல்லாம் இருந்தது. வெறும் வெள்ளை மட்டும் இல்லை. அம்மா பக்கத்துத் தெருவில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தார். அவருடைய தொழுகைத் துணி வெள்ளைதான். ஆனால் தொழுகைத் துணியில் கத்திரிக்கோல் வைப்பது பாவம் என்று எனக்குத் தெரியும். அந்த அளவுக்கு மார்க்க அறிவு எனக்கு இருந்தது. அதனால் நன்னாவின் பெட்டியைத் திறந்தேன்.

நன்னா என்றால் அம்மாவின் அத்தா. என் அத்தா சவூதிக்குப் போனதிலிருந்து வீட்டுக்கு ஓர் ஆம்பிளைத் துணை வேண்டும் என்று எங்களோடு வந்து இருந்தார். நல்ல உயரம். நிலைப்படியில் குனிந்துதான் நுழைவார். ஆறு வருடம் முன்பு ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர். அங்கிருந்து வந்த பிறகு யார் நலம் விசாரித்தாலும் ஒரே பதில்தான் சொல்வார்: "எனக்கென்ன, டிக்கெட்டு பெட்டியில இருக்கு. விசாதான் இன்னும் வரல." தெருவில் பாதிப் பேர் விசாவுக்குக் காத்துக்கிடந்த ஊரில் இந்தப் பேச்சுக்கு எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவரும் அத்தாவிடம் போகப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு சிரிப்பேன்.

ஹஜ்ஜுக்குப் பிறகு அவரிடம் இன்னொரு மாற்றமும் வந்தது. வீட்டிலேயே நல்ல அறை அவருடையது. டைல்ஸ் போட்டு, புது ஃபேன் மாட்டி, அத்தா அவருக்கென்றே கட்டியது. திரும்பி வந்ததும் பெட்டியை அந்த அறையில் வைத்துவிட்டு, தலையணையோடு கூடத்துக்கு வந்துவிட்டார். கூடத்தில் ஒரு கயிற்றுக் கட்டிலில்தான் படுக்கை. கேட்டால் "உள்ள காத்து வரல" என்பார். ஹஜ்ஜுக்குப் போய் வந்து மனசு பற்றற்றுப்போய்விட்டது என்று ஊரில் மெச்சினார்கள்.

அந்தப் பச்சை டிரங்குப் பெட்டியில் ஹஜ் பயணத்தில் ஒட்டிய சீட்டு அப்படியே இருந்தது. உள்ளே ஒரு மஞ்சள் பை. பைக்குள் மூன்று வெள்ளைத் துணிகள், விளிம்புகூடத் தைக்காதவை, மடித்து வைத்திருந்தார். கற்பூர வாசம். சட்டைக்கு எடுத்து வைத்துவிட்டுத் தைக்க மறந்துவிட்டார் என்று நினைத்தேன். இருப்பதில் பெரிய துணியை விரித்து, நுனியில் என் கையால் ஒரு முழம் அளந்து, குறுக்கே வெட்டினேன். மிச்சத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து வைத்தேன். வெட்டிய துண்டைப் பதினெட்டாகக் கிழித்தேன். நல்ல துணி. கோடு போட்ட மாதிரி நேராகக் கிழிந்தது.

மறுநாள் காலையில் கிளம்பும்போது நன்னா கட்டிலில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். "நெஞ்ச கரிக்குதும்மா, ஒரு சோடா வாங்கியாரச் சொல்லு" என்று அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது. பட்டைகளை யார் கண்ணிலும் படாமல் பைக்குள் திணிக்கிற அவசரத்தில் நான் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அதே அவசரத்தில் சோற்றுக் கேரியரையும் மறந்துவிட்டுப் போனேன்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் பெருமையாகப் பட்டைகளைப் பங்கு வைத்தேன். வழியெல்லாம் தாளடி அறுப்பு நடந்துகொண்டிருந்தது. வயலுக்குள் அறுவடை மிஷின்கள் நின்றன. ஜன்னல் வழியாக வைக்கோல் தூசி உள்ளே வந்தது. ஜமீலா தும்மிவிட்டு, கையிலிருந்த பட்டையால் மூக்கைத் துடைக்கப் போனாள். துடைக்காமல் அப்படியே நிறுத்தினாள். இன்னொரு முறை மோந்து பார்த்தாள்.

"இது எங்கேருந்துடி எடுத்தே?"

"நன்னா பெட்டியிலேருந்து."

"ஹஜ்ஜுக்குப் போனாங்களே, அந்தப் பெட்டியா?"

"ஆமா."

"மூணு துணி இருந்துச்சா? தைக்காம?"

எனக்கு அவள் கேட்ட விதமே பிடிக்கவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினேன். ஜமீலா பட்டையை மடியில் போட்டுவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"அல்லாவே... இது கபன் துணிடி. ஹஜ்ஜுக்குப் போறவங்க தனக்குன்னு வாங்கி, மக்காவுல ஜம்ஜம் கெணத்துத் தண்ணியில நனைச்சுக் காயவச்சுக் கொண்டாருவாங்க. மௌத்தானா இதத்தான் போடணும். எங்கம்மா எத்தன பேருக்குப் போட்டிருக்கு."

 பெட்டியில் இருக்கிற டிக்கெட்டு எது என்று அந்த நொடியில் புரிந்தது. விசா எது என்றும் புரிந்தது. காலையில் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்த கை கண்முன் வந்தது. இன்றைக்கே விசா வந்துவிட்டால்? பெட்டியைத் திறப்பார்கள், துணியை விரிப்பார்கள், ஒரு முழம் குறையும். நன்னாவோ நிலைப்படியில் குனிந்து நுழைகிற ஆள். இரண்டு காலும் வெளியே தெரிய, ஊர் முழுக்கப் பார்க்க, அவரைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அந்தக் கால்களை என்னால் கண்ணிலிருந்து அகற்றவே முடியவில்லை. அன்று முழுக்க எனக்குச் சாவைவிட அந்த இரண்டு பாதங்கள்தான் பெரிய பயமாக இருந்தன.

முன் சீட்டிலிருந்து செல்வி திரும்பினாள். "என்னடி, கோடித்துணியா?" என்றாள். அவர்கள் பக்கம் பிணத்துக்குப் போர்த்துகிற புதுத்துணிக்கு அதுதான் பெயர். இடுப்பில் செருகியிருந்த இரண்டையும் உருவி என் மடியில் எறிந்தாள். "எங்க வூட்ல அதத் தாண்டக்கூட வுடமாட்டாங்க. இடுப்புல கட்டிக்கிட்டு ஆடச் சொல்றியா?"

சாரிடம் சொல்லலாம் என்றால் அவர் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து விதித்தாளை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். பட்டை இல்லாவிட்டால் ஆட்டம் இல்லை. சாரிடம் சொன்னால் அம்மாவுக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரிந்தால் வெள்ளிக்கிழமை போனில் அத்தாவுக்குத் தெரியும். நான் அழ ஆரம்பித்தேன். செல்வி என் அழுகையைப் பார்த்தாள். பிறகு தன் இரண்டு பட்டைகளையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துச் செருகினாள்.

"பதினெட்டும் வூட்டுக்குத் திரும்பணும். அதானே? எவளும் புடுங்க வுடக்கூடாது. புடுங்குனா அந்த எடத்துலயே திருப்பி வாங்கணும். சாயங்காலம் ஒட்டுப் போட்டுத் தச்சு பெட்டியில வச்சுடு. அதுவரைக்கும் ஒங்க நன்னாவுக்கு ஒண்ணும் ஆவாது."

கடைசி வாக்கியத்தை அவள் எந்த தைரியத்தில் சொன்னாளோ, நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பதினெட்டும் ஒன்றாக இருக்கிற வரை நன்னா இருப்பார் என்று எனக்குள் முடிவாகிவிட்டது.

மன்னார்குடி மைதானத்தில் பந்தல் போட்டு, மைக் கட்டி, ஒரு மேசையில் கோப்பைகளை வரிசையாக வைத்திருந்தார்கள். எங்களுக்கு நம்பர் போட்ட பனியன் கொடுத்தார்கள். எனக்கு ஆறாம் நம்பர். முதல் ஆட்டத்தில் எதிரணிக்குச் சிவப்புப் பட்டை. விசில் ஊதியதும் நாங்கள் ஆடியது ரக்பியே இல்லை. எங்களில் யார் கைக்குப் பந்து போனாலும், எவளாவது கிட்டே வருவதைப் பார்த்த உடனே அலறிக்கொண்டு பின்னால் எறிந்தோம். பின்னால் இருப்பவளும் அலறிக்கொண்டு அடுத்தவளுக்கு எறிந்தாள். யாரும் பந்தை வைத்துக்கொள்ளத் தயாராக இல்லை. இப்படியே கை மாறி மாறிப் போன பந்து, ஓரத்தில் ஆளில்லாத பக்கம் நின்ற செல்வியிடம் போய்ச் சேரும். அவள் ஒரே ஓட்டமாக ஓடிக் கோட்டைத் தாண்டி வைத்துவிடுவாள். சார் ஓரமாக நின்று, "அதான்! அதான்! பின்னாடி போடு! இப்பப் புரியுதா ஏன் எழுதியிருக்குன்னு!" என்று குதித்துக்கொண்டிருந்தார்.

ஒரே ஒரு முறை ஜமீலாவின் பட்டை போனது. உருவிய பெண் அதை உயரத் தூக்கி 'டேக்' என்று கத்தினாள். வெள்ளைப் பட்டை காற்றில் ஆடியது. ஜமீலா அந்த இடத்திலேயே வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். அந்தப் பெண் விவரம் தெரியாமல் அதால் தன் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டாள். நான் மைதானத்தின் மறுகோடியிலிருந்து ஓடிவந்து அதைப் பிடுங்கினேன். நடுவர் என்னை எச்சரித்தார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினெட்டும் இருந்தது.

ஜெயித்துவிட்டோம். அப்படியென்றால் இறுதி ஆட்டமும் ஆட வேண்டும். தோற்றிருந்தால் பட்டைகளை எடுத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருக்கலாமே என்று ஆத்திரமாக வந்தது. எதிரணி மன்னார்குடிப் பிள்ளைகள். எல்லோருக்கும் ஷூ இருந்தது. எல்லோரும் எங்களை விட ஒரு பிடி உயரம். மத்தியானச் சாப்பாட்டுக்கு விட்டார்கள். எல்லோரும் பொட்டலத்தைப் பிரித்தபோதுதான் என் கேரியர் வீட்டிலேயே இருப்பது ஞாபகம் வந்தது. பசியும் இல்லை. அந்த நேரம் பார்த்து மைக்கில் குரல் வந்தது.

"கூத்தாநல்லூர் அணி, ஆறாம் நம்பர் பனியன் போட்ட பாப்பா. உங்களைத் தேடி வீட்டிலேருந்து ஆள் வந்திருக்காங்க. உடனே மேடைக்கு வரவும்."

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது பழக்கமான செய்தி. பாடம் நடக்கும்போது வாசலில் ஒருவர் வந்து நிற்பார். டீச்சர் காதில் ஏதோ சொல்வார். யாராவது ஒரு பிள்ளையைப் பையோடு அனுப்பிவைப்பார்கள். அந்தப் பிள்ளை மூன்று நாள் கழித்துத்தான் வரும். வீட்டிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்றால் ஒரே அர்த்தம்தான். ஜமீலா என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. "போடி" என்றாள் செல்வி.

நான் போகவில்லை. எழுந்து மேடைக்கு எதிர்த்திசையில் ஓடி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். என்னிடம் சொல்லாத வரைக்கும் அது நடக்கவில்லை என்று நினைத்தேன். மைக்கில் இன்னும் இரண்டு முறை கூப்பிட்டார்கள். இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். எனக்குத் தெரிந்த ஓதல் எல்லாவற்றையும் வரிசை மாற்றி ஓதினேன். யா அல்லா, நான் தைத்துவிடுகிறேன், பதினெட்டையும் தைத்துவிடுகிறேன், ஒரு சாயங்காலம் மட்டும் பொறுத்துக்கொள் என்று கெஞ்சினேன். அன்றைக்கு நடுங்கிய மாதிரி நான் பிறகு என் பிரசவத்தில்கூட நடுங்கியதில்லை.

இறுதி ஆட்டத்துக்கு விசில் ஊதியதும் செல்வி வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். உள்ளே போனால் சேதி கொண்டுவந்த ஆளால் என்னிடம் வர முடியாது என்பது ஒன்றுதான் அப்போது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆட்டம் முடியவே கூடாது என்று வேண்டிக்கொண்டு ஆடினேன். இரண்டு பக்கமும் ஒவ்வொரு ட்ரை வைத்திருந்தோம். கடைசி நிமிடம் என்று சார் கத்தினார். ஜமீலா அலறிக்கொண்டு எறிந்த பந்து என் நெஞ்சில் வந்து மோதி, கையில் நின்றுவிட்டது. பின்னால் யாருக்குப் போடுவது என்று திரும்பினேன். அப்போதுதான் ஓரக்கோட்டில் அவரைப் பார்த்தேன்.

வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, தலையில் வெள்ளைத் தொப்பி. உச்சி வெயிலில் நன்னா நின்றுகொண்டிருந்தார்.

மௌத்தாகி வந்திருக்கிறார், துணியைக் கேட்க வந்திருக்கிறார் என்றுதான் முதலில் தோன்றியது.  பிறகு அவர் கையில் எங்கள் வீட்டுக் கேரியர் தொங்குவதைப் பார்த்தேன். மௌத்தானவர்கள் கேரியர் தூக்கிக்கொண்டு வரமாட்டார்கள். நன்னா உயிரோடு இருந்தார். நான் மறந்து வைத்துவிட்டு வந்த சோற்றை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்திருந்தார். வீட்டிலிருந்து வந்த ஆள் அவரேதான். அந்தச் சந்தோஷம் எனக்கு மூன்று நொடி நீடித்திருக்கும். அதற்குள் அவர் கண் என் இடுப்புக்குப் போனது.

ஓடினேன். எதிரே நின்ற உயரமான பெண்ணுக்குப் பயந்து அல்ல, நன்னாவின் கண்ணுக்குப் பயந்து ஓடினேன். அவரை விட்டு எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போய்விட வேண்டும் என்று ஓடினேன். பந்து கையில் இருப்பதே மறந்துவிட்டது. கோட்டைத் தாண்டியும் ஓடினேன். "வையிடி! கீழ வையி!" என்று செல்வி தொண்டை கிழியக் கத்திய பிறகுதான் தடுக்கி விழுந்து, பந்தின் மேலேயே படுத்தேன். விசில் ஊதிவிட்டது. எங்கள் பிள்ளைகள் என்மேல் வந்து விழுந்தார்கள். சார் என்னைத் தூக்கி நிறுத்தி, "பயமே இல்லாத புள்ள!" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். என் இடுப்பைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம் பட்டை இல்லை.

திரும்பிப் பார்த்தபோது நன்னா குனிந்துகொண்டிருந்தார். நான் ஓடத் தொடங்கிய இடத்தில் அது நழுவி விழுந்திருக்கிறது. எடுத்து மண்ணைத் தட்டினார். விரல்களுக்கு நடுவில் வைத்துத் துணியைத் தேய்த்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். 

கோப்பை கொடுத்து முடிந்ததும் பந்தலுக்கு வெளியே ஒரு மரத்தடியில் என்னை உட்காரவைத்துக் கேரியரைத் திறந்தார். சோற்றைப் பார்த்ததும் நான் வெடித்துவிட்டேன்.

"நன்னா, எனக்குத் தெரியாது நன்னா. சட்டைத் துணின்னு நெனச்சு வெட்டிட்டேன்."

"எவ்வளவும்மா வெட்டுனே?"

"ஒரு முழம்."

"யார் முழம்? என் முழமா, ஒன் முழமா?"

"என் முழம்."

தன் நீண்ட கையை என் கைக்குப் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்தார். "அப்ப கொஞ்சம்தான்" என்றார். "போனா போவுது. நான் காலக் கொஞ்சம் மடக்கிப் படுத்துக்கிறேன்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினெட்டுப் பட்டைகளையும் வாங்கி எண்ணி, காலியான கேரியர் அடுக்கில் வைத்து மூடினேன். பஸ்ஸில் வரும்போது வழியெல்லாம் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். அவர் கை லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. வயதானவர்கள் கை நடுங்கும் என்பது எனக்குத் தெரியும்.

வீட்டில் அம்மா இரண்டு அறை விட்டார். மூன்றாவதற்குக் கை ஓங்கியபோது நன்னா தடுத்தார். "வுடும்மா. வெட்டுனது வெட்டுனதுதான். மிச்சத்தப் பள்ளிவாசல்ல குடுத்துடறேன், இல்லாதவங்க யாருக்காச்சும் உதவும். எனக்கு அப்பறம் வேற வாங்கிக்கலாம்." மறுநாளே மஞ்சள் பையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். பட்டைகளைத் தானே துவைத்துக் காயவைத்து, "வெளையாடத்தானே வெட்டுனே" என்று சாரிடம் கொடுக்கச் சொல்லி அனுப்பினார். அன்று சாயங்காலம் கூடத்துக் கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்தார். தலையணையை எடுத்துக்கொண்டு, ஆறு வருடம் படுக்காத தன் அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்.

என்மேல் நம்பிக்கை போய்விட்டது, பெட்டியைக் காவல் காக்கத்தான் உள்ளே போய்விட்டார் என்று எண்ணி நான் அழுதேன். அவர் வேறு துணி வாங்குகிறாரா என்று வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இல்லாதபோது பெட்டியைத் திறந்து பார்ப்பேன். கற்பூர வாசம் மட்டும் இருக்கும். தெருவில் யாராவது ஹஜ்ஜுக்குப் புறப்பட்டால் ஓடிவந்து, "நன்னாவுக்கு என்ன வேணும்னு கேக்குறாங்க" என்று ஞாபகப்படுத்துவேன். "பேரீச்சம்பழம் கொண்டாரச் சொல்லு" என்பார். விசா, டிக்கெட்டு என்கிற பேச்சையும் அதற்குப் பிறகு அவர் வாயில் நான் கேட்கவில்லை. எல்லாம் என்னால்தான், மனிதர் மனம் நொந்துபோய்விட்டார் என்று நினைத்துக்கொள்வேன்.

பன்னிரண்டு வருடம் கழித்து மௌத்தானார். கபன் துணி கடைத்தெருவில் அன்றைக்கு வாங்கியது. நான் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் முதலில் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தேன். நன்றாக மூடியிருந்தது.

நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்து, அவருடைய அறையை நான் கூட்டிக்கொண்டிருந்தபோது அம்மா அந்தப் பச்சைப் பெட்டியைப் பார்த்துவிட்டுத் தனக்குத்தானே பேசுகிற மாதிரி சொன்னார்: "இந்தப் பெட்டியில அந்தத் துணி இருந்த வரைக்கும் எங்கத்தா ஒரு நா இந்த ரூம்ல தூங்குனதில்ல. நான் வெளக்கு வச்ச பிறகு ஏதாச்சும் எடுத்தாரச் சொன்னாக்கூட உள்ள வரமாட்டாங்க. அதப் பள்ளிவாசல்ல குடுத்த அன்னைக்குத்தான் மொதமொதல்ல கொறட்ட விட்டுத் தூங்குனாங்க."

 பஸ்ஸில் என் கையைப் பிடித்திருந்த அவருடைய கை ஞாபகம் வந்தது. அன்றைக்கு அந்தத் துணியைக் கண்டு பயந்தது நான் ஒருத்திதான் என்று பன்னிரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.